ஆம்லெட் தண்ணீர் விடாமல் காலையில் எவ்வளவு காய் சேர்க்கலாம்?

கீரைக்கட்டு:
காலையிலேயே 100 கிராம் காய் உள்ளே போக வேண்டும், அதுதான் கணக்கு. ரெண்டு முட்டை ஆம்லெட்டில் பசலைக்கீரை, தக்காளி, காளான் மூன்றையும் போட்டால் தட்டில் குளம் கட்டுகிறது, திருப்பினால் கிழிகிறது. ஓட்ஸில் கேரட் போட்டால் நறுக் நறுக்கென்று பச்சையாகவே நிற்கிறது. அடுப்பு முன்னால் 10 நிமிஷம்தான். எங்கே தப்பு?

கரண்டி:
போடும் வரிசைதான் தப்பு. நீங்கள் சொன்ன மூன்றிலும் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். பச்சையாகப் போட்டால் முட்டை இறுகும் நேரத்தில்தான் காய் தண்ணீர் விட ஆரம்பிக்கும்.

காளானைக் கால் அங்குலத் துண்டுகளாக்கி, எண்ணெய் இல்லாமல், நன்றாகச் சூடேறிய அகலமான வாணலியில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். குவித்தால் வதங்காது, அவியும். முதலில் நுரைத்துத் தண்ணீர் விடும். 4, 5 நிமிடத்தில் அது வற்றி, கொதிக்கிற சத்தம் போய் ‘சுர்ர்’ என்று வரும். எண்ணெயும் உப்பும் அப்போதுதான்.

கீரையை ஒரு நிமிடம் வதக்கி, ஆறியதும் பிழியுங்கள். தக்காளியில் விதைக்கூழை வழித்துவிட்டுச் சதையை மட்டும் போடுங்கள்.

2 முட்டைக்கு வதக்கிய காய் 60, 70 கிராம் போதும். அதைத் தாண்டினால் முட்டை பிடித்து நிற்காது. மடிக்காமல், மூடி போட்டுச் சிறு தீயில் அடை மாதிரி வேகவிடுவதே நல்லது. தீ அதிகமானாலும் வம்புதான்: வெள்ளைக்கரு 62 டிகிரி செல்சியஸில் இறுகத் தொடங்கும், மஞ்சள்கரு 65 முதல் 70க்குள். அதற்கு மேல் நெடுநேரம் காய்ந்தால் முட்டையே சுருங்கித் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளும். அந்தப் பழியும் காய் மேல்தான் விழுகிறது!

துருவல்:
ஓட்ஸ் விஷயம் சுலபம். கேரட்டை நறுக்காமல் சன்னமாகத் துருவுங்கள். 250 மில்லி பச்சைத்தண்ணீரில் 50 கிராம் துருவல் போட்டு அடுப்பேற்றி, கொதி வந்து 3 நிமிடம் கழித்து 40 கிராம் ஓட்ஸ். கீரை சேர்ப்பதானால் கடைசி ஒரு நிமிடத்தில். இறக்கியதும் ஒரு தேக்கரண்டி எண்ணெயோ வெண்ணெயோ விடுங்கள், கேரட்டின் கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் நன்றாக ஒட்டும். இனிப்பு ஓட்ஸில் கீரை மட்டும் வேண்டாம்.

மூடிபோட்ட டப்பா:
10 நிமிஷத்தில் நறுக்கி வதக்கி முட்டையும் போடுவது நடக்காத காரியம். காளான், குடைமிளகாய், வெங்காயத்தை முந்தின இரவே வதக்கி, தட்டையான டப்பாவில் பரப்பி, 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். 3 நாள் தாங்கும். தக்காளி மட்டும் அன்றன்றைக்கு.

உறைய வைத்த காயை உருக விடாதீர்கள். ஐஸ் குத்தி அதன் செல் சுவர் ஏற்கெனவே உடைந்திருக்கும், உருகினால் சொதசொதவென்று ஆகிவிடும். ஃப்ரீசரிலிருந்து நேராகச் சூடான வாணலிக்கு.

இன்னொன்று: உருளைக்கிழங்கைப் போட்டு 100 கிராமைத் தேற்றாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் தினசரி 400 கிராம் பழம், காய்கறிக் கணக்கில் அது சேராது.

கீரைக்கட்டு:
நன்றி. கீரையைப் பச்சையாக அரைத்து ஸ்மூத்தியாகக் குடித்தால் இந்தப் பாடே வேண்டாமே? அப்புறம், ஆம்லெட்டில் 70 கிராம்தான் என்றால் மீதி 30?

துருவல்:
குடிக்கலாம், 30 கிராம் இலை போதும். இலையையும் தண்ணீரையும் முதலில் அரைத்துவிட்டு மற்றதைப் போடுங்கள், இல்லாவிட்டால் பல்லில் சிக்கும். பசலையில் கல் உண்டாகக் காரணமாகும் ஆக்சலேட் என்ற உப்பு அதிகம், சிறுநீரகக் கல் வந்தவர்கள் தினமும் குடிக்க வேண்டாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கீரை அளவைத் திடீரென்று கூட்டக் கூடாது, வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும்.

கரண்டி:
70 கிராம் என்பது வதக்கிய பிறகு உள்ள எடை. பச்சையாக நிறுத்தால் அது 100க்கு மேலேயே இருக்கும். தராசை நறுக்குவதற்கு முன்னால் எடுங்கள்.