0.4 × 0.3 ஏன் 0.12 ஆகிறது? மகளுக்கு எப்படி விளக்குவது?

மேலூர் வாசகி:
ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள் 0.4 × 0.3 என்ற கணக்குக்கு 1.2 என்று விடை எழுதியிருந்தாள். இரு எண்களிலும் புள்ளிக்குப் பின்னுள்ள இலக்கங்களை எண்ணி, அத்தனை இடம் தள்ளிப் புள்ளி வைக்க வேண்டும் என்ற விதியைச் சொன்னதும் திருத்திக்கொண்டாள். ஆனால், "பெருக்கினால் எண் பெரிதாகத்தானே வேண்டும், 0.12 இரண்டையும்விடச் சிறியதாக இருக்கிறதே" என்று அவள் கேட்டபோது எனக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. எப்படி விளக்கலாம்?

திருமங்கலம், ஓய்வுபெற்ற ஆசிரியர்:
மிக நல்ல கேள்வி அம்மா; இதற்கு விடை சொல்லாமல் விதியை மட்டும் மனப்பாடம் செய்ய வைப்பது தவறு. ஒன்றுக்குக் குறைந்த எண்ணால் பெருக்குவது என்பது பங்கு எடுப்பதாகும். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லிகை கிலோ 400 ரூபாய் என்றால், முக்கால் கிலோவுக்கு 0.75 × 400, அதாவது 300 ரூபாய்தான் கொடுப்போம். கட்டத்தாளில் பத்துக்குப் பத்தாக நூறு கட்டங்கள் கொண்ட சதுரத்தை வரைந்து, அதை ஒன்று என்று வைத்துக்கொண்டு, நான்கு நிரல்களை மஞ்சளிலும் மூன்று நிரைகளை நீலத்திலும் தீட்டச் சொல்லுங்கள். இரு வண்ணமும் கலந்து பச்சையாகத் தெரியும் கட்டங்கள் பன்னிரண்டு. நூற்றில் பன்னிரண்டு என்பதே 0.12. பத்தில் ஒரு பங்கை மீண்டும் பத்தாகப் பிரித்தால் நூற்றில் ஒன்று கிடைப்பதால்தான் இரண்டு இடம் தள்ளுகிறோம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், 1957-க்கு முன் ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்ததை நினைவுபடுத்தச் சொல்லுங்கள்: ரூபாயில் கால் நாலணா, நாலணாவில் கால் ஓரணா, ஆகவே கால் × கால் = 1/16.

ஒத்தக்கடை வாசகர்:
ஆசிரியர் ஐயா சொன்ன படத்துக்குப் பிறகு விதியைக் கற்பிப்பதே முறை. அப்போது, புள்ளியை வைத்த பின்புதான் கடைசிப் பூச்சியங்களை நீக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி; இரண்டரை சென்ட் மனைக்கு 4356 × 25 = 1,08,900 என்று பெருக்கி இரண்டு இடம் தள்ளினால் 1089.00 வரும். பூச்சியங்களை முதலிலேயே அடித்துவிட்டால் 10.89 சதுர அடி என்றாகிவிடும். அந்த இடத்தில் ஒரு கட்டில்கூடப் போட முடியாது. இரண்டு சென்ட் ஏறத்தாழ 870, மூன்று சென்ட் ஏறத்தாழ 1300, விடை இவற்றுக்கு இடையில்தான் இருக்கும் என்று முன்கூட்டியே உத்தேசம் பார்க்கும் பிள்ளைக்கு இந்தப் பிழை உடனே கண்ணில் படும்.

மேலூர் வாசகி:
இருவருக்கும் நன்றி ஐயா. இந்த உத்தேசத்தை 0.4 × 0.3 போன்ற சிறிய எண்களுக்கு எப்படிப் பார்ப்பது?

ஒத்தக்கடை வாசகர்:
0.3 என்பது அரைக்கும் குறைவு, 0.4-இல் பாதி 0.2. எனவே விடை 0.2-க்குக் கீழேதான் இருக்க முடியும், 1.2 ஆக வரவே வராது.