பைலான் பந்தயம்: குளோ என்ஜினுக்கு இனி இடம் உண்டா?

நான்குசெல் எழுதியது:

நேராகவே சொல்லிவிடுகிறேன். ரேடியோ கட்டுப்பாட்டு விமானங்களின் பைலான் பந்தயத்தில் குளோ என்ஜினின் (பிளக்கில் சூடாக இருக்கும் கம்பிச்சுருளால் எரிபொருள் பற்றும் குட்டி என்ஜின்) காலம் முடிந்துவிட்டது. உள்ளூர்ப் பந்தயங்களை மட்டும் சொல்லவில்லை, உலகப் போட்டி நடக்கும் எஃப்3டி வகுப்பையும் சேர்த்தே சொல்கிறேன்.

பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். மூன்று கம்பங்கள், அதாவது பைலான்கள், முக்கோணமாக நிற்கும். முதல் கம்பம் ஒரு கோடியில். மற்ற இரண்டும் அங்கிருந்து 180 மீட்டர் தள்ளி, தங்களுக்குள் 40 மீட்டர் இடைவெளியில். ஒரு சுற்று 400 மீட்டர், மொத்தம் பத்துச் சுற்று. நல்ல பைலட் நான்கு கிலோமீட்டரை ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிடுவார். எஃப்3டியில் 6.6 சிசி குளோ என்ஜின். முன்பு எஃப்5டி என்று இருந்து இப்போது எஃப்3இ ஆகியிருக்கும் வகுப்பில் மின் மோட்டாரும் பேட்டரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் கிளப்பில் பதினாறு வயதுப் பையன் ஒருவனுக்கு முதல் பந்தயம். ஸ்டார்ட்டரை வைத்து அழுத்துகிறான், என்ஜின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுபோகிறது. அவகாசம் முடிந்தது, மற்ற இருவரும் கிளம்பிவிட்டார்கள். பிறகு பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் அறுந்து கிடக்கிறது. மூன்று மாதம் ஒட்டி, தேய்த்து, வண்ணம் பூசிய விமானம் தரையை விட்டு எழும்பவே இல்லை. அவன் துணியால் இறக்கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைக்க அதில் ஒன்றுமே இல்லை.

மின் மோட்டாரில் இந்தக் கொடுமை கிடையாது. பேட்டரியை இணைத்தால் ஓடும். அப்புறம் சத்தம். நான் இருப்பது ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர். மைதானத்துக்கு அந்தப் பக்கம் புது வீடுகள் வந்ததும் ஞாயிறு மதியம் என்ஜின் ஓட்டவே கூடாது என்று ஆகிவிட்டது. மைதானமே போன பிறகு எந்த என்ஜின் உசத்தி என்று பேசி என்ன பயன்?

ஆமணக்கு எழுதியது:

தம்பி, அந்தப் பையனுக்காக எனக்கும் வருத்தம்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன். பந்தயத்துக்கு முன்னால் அவன் பிளக்கைக் கழற்றிப் பார்க்க யாராவது சொல்லிக் கொடுத்தீர்களா? முந்தைய ஓட்டத்தில் நீடிலை (எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் திருகு) இறுக்கி வைத்திருந்தால் பிளக் கம்பி மங்கிப் போயிருக்கும், நெளிந்திருக்கும். உற்றுப் பார்த்தால் அலுமினியப் பொடிகூட ஒட்டியிருக்கும். பிளக் முன்கூட்டியே சொல்லிவிடும், நாம்தான் படிக்க வேண்டும். கிளப்பில் ஒரு மூத்தவர் பக்கத்தில் நின்றிருந்தால் அவன் பறந்திருப்பான். பழியை என்ஜின் மேல் போடாதீர்கள்.

நான் முப்பது வருடமாக இந்த என்ஜின்களோடு இருக்கிறேன். எஃப்3டி என்ஜின் நிமிடத்துக்கு 30,000 சுற்றுக்கு மேல் போகும். அதாவது ஒரு நொடியில் ஐந்நூறு வெடிப்பு. தரையில் அதை அதன் உச்சத்துக்கு வைக்கக் கூடாது. கொஞ்சம் எரிபொருள் கூடுதலாகப் போகும்படி நீடிலைத் திறந்து வைத்து, சத்தம் சற்று மந்தமாக இருக்கும்போதே விட வேண்டும். மேலே போய் வேகம் பிடித்ததும் புரொப்பெல்லரின் சுமை குறையும், சுற்று ஏறும், டியூன்ட் பைப் என்ற புகைக்குழாயின் அதிர்வோடு என்ஜின் சேர்ந்துகொள்ளும். அந்தக் கணத்தில் சத்தம் ஒரு படி தாவும். எவ்வளவு திறந்து வைப்பது என்பதை அன்றைய காற்று, ஈரப்பதம், வெயில் மூன்றையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். காலை எட்டு மணிக்கு வைத்த நீடில் மதியம் இரண்டு மணிக்கு ஆகாது.

நீங்கள் இதைக் கொடுமை என்கிறீர்கள். எனக்கு இதுதான் பந்தயத்தில் பாதி.

இன்னொன்று, எஃப்3டியில் எல்லாருக்கும் ஒரே எரிபொருள். எண்பது பங்கு மெத்தனால், இருபது பங்கு எண்ணெய். அமெரிக்க வகுப்புகளைப் போல நைட்ரோமீத்தேன் கிடையாது. பணக்காரன் ஊற்றுவதும் அதுதான், நான் ஊற்றுவதும் அதுதான். எண்ணெய் பெரும்பாலும் விளக்கெண்ணெய். உலகத்திலேயே ஆமணக்கு அதிகம் விளைவது நம் நாட்டில், அதிலும் குஜராத்தில். ஐரோப்பாவில் ஏதோ ஒரு மைதானத்தில் அந்தப் புகை முகத்தில் அடிக்கும்போது எனக்குப் பாட்டி வீட்டு ஞாபகம் வரும். இந்தப் பெயரை வைத்துக்கொண்டதும் அதனால்தான்.

கம்பத்தடி எழுதியது:

இருவருக்கும் வணக்கம். நான் பைலட் இல்லை. பந்தய நாட்களில் முதல் கம்பத்தில் நடுவராக நிற்பவன். அங்கிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

தலையில் ஹெல்மெட், கையில் ஸ்விட்ச். விமானம் கம்பத்தைக் கடக்கும் அந்த நொடியில் நான் ஸ்விட்சை அழுத்த வேண்டும், அங்கே பைலட் பக்கம் விளக்கு எரியும். 180 மீட்டருக்கு அப்பால் நிற்கும் பைலட்டுக்கு விமானம் கம்பத்துக்கு முன்னால் இருக்கிறதா, தாண்டிவிட்டதா என்று தெரியாது. அந்தத் தூரத்தில் கண்ணுக்கு ஆழம் பிடிபடாது. விளக்கைப் பார்த்து, பிறகு ஸ்டிக்கை இழுத்தாலும் தாமதம்தான். விமானம் நேர்க்கோட்டில் மணிக்கு 300 கிலோமீட்டர் போகிறது என்று வையுங்கள். நொடிக்கு 83 மீட்டர். நம் கை அசைய எடுக்கும் கால் நொடிக்குள் இருபது மீட்டர் ஓடிவிடும். அதனால் பக்கத்தில் நின்று குரல் கொடுக்கும் காலர்தான் உயிர்நாடி. அவர் போன சுற்றின் விளக்கை மனதில் வைத்து இந்தச் சுற்றின் திருப்பத்தை முன்கூட்டியே ஊகித்துக் கத்துவார். சீக்கிரம் கத்தினால் கம்பத்துக்கு உள்ளே வெட்டிவிடும். ஒரு வெட்டுக்கு நேரத்தில் பத்து சதவீதம் கூடும். இரண்டு வெட்டு என்றால் அந்த ஹீட், அதாவது அந்த ஓட்டம், போனது, நேரத்துக்குப் பதில் 200 என்று எழுதிவிடுவார்கள். தாமதமாகக் கத்தினால் அகலத் திரும்பிப் பின்தங்கலாம். இதில் என்ஜினும் மோட்டாரும் ஒன்றுதான்.

விமானம் என் தலைக்கு மேல் கத்திபோல் சாய்ந்து திரும்பும்போது இறக்கை வளைவது கண்ணுக்குத் தெரியும். 30 மீட்டர் ஆரத்தில் அந்த வேகத்தில் திரும்பினால் எடை இருபத்து மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. எஃப்3டியின் குறைந்தபட்ச எடை 2,250 கிராம். அது திருப்பத்தில் ஐம்பது கிலோவுக்கு மேல் கனக்கும்.

எனக்கு ஒரே ஒரு கேள்விதான் நான்குசெல். குளோ விமானத்தை நான் காதால் பின்தொடர்வேன். மூன்றில் எது எங்கே வருகிறது என்று திரும்பிப் பார்க்காமலே தெரியும். மின் விமானத்தில் புரொப்பெல்லர் சீறுவது மட்டும், அதுவும் கிட்டே வந்த பிறகுதான் கேட்கிறது. ஒரு முறை மூன்றாவது விமானம் எனக்கு இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே போன பிறகுதான் அது வந்ததே எனக்குத் தெரிந்தது. நீங்கள் குறை என்று சொல்லும் சத்தம் அங்கே நிற்பவனுக்குக் காவல்.

நான்குசெல் எழுதியது:

கம்பத்தடி அண்ணா, இதை நான் யோசித்ததே இல்லை. ஒப்புக்கொள்கிறேன். நடுவர்களை இன்னும் தள்ளி நிறுத்த வேண்டும், அல்லது கேமரா வைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் அதற்காக எல்லா விமானமும் கத்த வேண்டுமா?

ஆமணக்கு ஐயா எரிபொருளில் சமத்துவம் என்றீர்கள். மின் வகுப்பில் அதைவிடக் கறாராகச் செய்யலாம். எஃப்5டி காலத்தில் ஆற்றலுக்கே வரம்பு போட்டார்கள், 1,000 வாட் நிமிடம். விமானத்திலேயே ஒரு கருவி இருந்து பேட்டரியிலிருந்து எவ்வளவு போனது என்று எழுதி வைக்கும். அகலத் திரும்பிக் காற்றோடு மல்லுக்கு நிற்பவன் தன் பங்கைச் செலவழித்துத் தீர்ப்பான், நெருக்கமாகத் திரும்புபவனுக்கு மிச்சம் இருக்கும். இப்படி ஒரு பந்தயத்தில் ஜெயிப்பது விரல்கள்தானே? குளோவில் எரிபொருள் ஒன்றானாலும் என்ஜின் ஒன்றில்லை. ஒருவரிடம் பிஸ்டனை மைக்ரான் கணக்கில் பொருத்தித் தரும் ஆள் இருப்பார், இன்னொருவரிடம் இருக்க மாட்டார்.

ஆமணக்கு எழுதியது:

விரல்கள்தான் ஜெயிக்க வேண்டும் என்றால் கணினியில் சிமுலேட்டர் போதுமே. கோபத்தில் சொல்லவில்லை தம்பி, உண்மையாகவே கேட்கிறேன். இயந்திரத்தோடு பேசத் தெரிவதும் பைலட்டின் திறமையா இல்லையா? கார் பந்தயத்தில் டயர் தேய்வதைப் பார்த்து ஓட்டுபவனைத்தானே பெரிய ஓட்டுநர் என்கிறோம்.

பேட்டரியில் தந்திரமே இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். லைப்போவை (லித்தியம் பாலிமர் பேட்டரி) சூடாக்கி வைத்தால் வோல்டேஜ் விழாமல் நிற்கும் என்று எல்லாரும் பெட்டிக்குள் வெப்பமூட்டி வைத்துக் காத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பருவம் முடிவதற்குள் பாதிப் பேட்டரிகள் உப்பிவிடும். பணம் உள்ளவன் ஒவ்வொரு போட்டிக்கும் புதுசு வாங்குவான். என் என்ஜினுக்குப் பன்னிரண்டு வயது. பிஸ்டனும், அது ஓடும் உள்குழாயான லைனரும் இரண்டு முறை மாற்றியிருக்கிறேன், அவ்வளவுதான்.

கீழே விழுந்தால் என்ன ஆகும் என்றும் யோசியுங்கள். என்ஜின் மண்ணில் மோதினால் அதோடு நின்றுவிடும். மின் விமானம் புல்லுக்குள் கிடக்கும்போது பேட்டரி இன்னும் இணைப்பில்தான் இருக்கும். நசுங்கிய லைப்போ காய்ந்த புல்லில் தீப்பிடித்து, நாங்கள் நான்கு பேர் மண்ணை அள்ளிப் போட்டு அணைத்தோம். போன கோடையில் நடந்தது.

சதுரப்பெட்டி எழுதியது:

அமெரிக்காவிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் எஃப்3டியையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தப் பையன் ஏன் நேராக அவ்வளவு கஷ்டமான என்ஜினோடு ஆரம்பித்தான்? எனக்கு அதுதான் பிரச்சினையாகத் தெரிகிறது.

இங்கே 1970களில் க்விக்கி 500 என்று ஒரு வகுப்பு வந்தது. இறக்கைப் பரப்பு 500 சதுர அங்குலம், அதனால் அந்தப் பெயர். உடல் ஒரு சதுரப் பெட்டி, இறக்கை நுனி வரை ஒரே அகலம். நான்கு மாலை உட்கார்ந்தால் யாரும் கட்டிவிடலாம், கடையில் கிடைக்கும் சாதாரண என்ஜினைப் போட்டுப் பறக்கலாம். அழகே இல்லை, ஆனால் கம்பத்தைச் சுற்றத் தெரிந்துவிடும். அப்புறம் நடந்ததுதான் பாடம். அதே பெட்டியில் நெல்சன், ஜெட் (Jett) என்ற பிராண்டுகளின் பந்தய என்ஜின்களை வைக்க ஆரம்பித்தார்கள், வேகம் தாறுமாறாக ஏறியது. புதியவர்களுக்கென்று சாதா என்ஜின் பிரிவைத் தனியாக வைக்க வேண்டியதாயிற்று. யாரும் தவறு செய்யவில்லை. ஜெயிக்க ஆசைப்பட்டார்கள், அவ்வளவுதான்.

மின்சாரத்துக்கும் இதே கதி வரும். இங்கே ஈஎஃப்1 என்ற மின் வகுப்பு எல்லாருக்கும் ஒரே மோட்டார் என்ற விதியோடு வந்தது. ஃபார்முலா ஒன் என்ற வகுப்பில் ஆள் ஏறி ஓட்டிய பழைய பந்தய விமானங்களின் சாயலில் இருக்கும், பார்க்கவும் அழகு. ரினோ நகரத்து விமானப் பந்தயத்தில் ஓடிய பெரிய விமானங்களின் பெயர்களே குட்டி விமானங்களுக்கும் வந்து சேர்ந்துவிடும். அவற்றில் ஒன்றான நெமெசிஸ் இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, நேரில் பார்த்து அரை மணி நேரம் நகரவில்லை நான். சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரே மோட்டார் என்றால் ஒரே உற்பத்தியாளரை நம்ப வேண்டும். 2018 ஜனவரியில் ஹாபிகோ என்ற மாடல் விமானக் கம்பெனி திவாலுக்கு மனுப்போட்டபோது, அந்த வகுப்பில் பலர் ஓட்டிய விமானமும் மோட்டாரும் அவர்கள் பிராண்டுகளில் வந்தவை என்பதால் இனி எங்கே வாங்குவது என்று எல்லாரும் கையைப் பிசைந்தோம். குளோவில் ஒரு கம்பெனி போனால் இன்னொன்று என்று ஓடியது.

நான்குசெல் எழுதியது:

சதுரப்பெட்டி சொன்னதில் ஒரு திருத்தம். அந்தப் பையன் எஃப்3டி ஓட்டவில்லை. சாதா என்ஜின் போட்ட உள்ளூர் வகுப்புதான். அதுவே கிளம்பவில்லை, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். எளிய குளோ என்றாலும் பிளக், நீடில், ஸ்டார்ட்டர், எரிபொருள் பம்பு, பிளக் சூடேற்ற ஒரு பேட்டரி என்று ஒரு பெட்டி சாமான் வேண்டும். அவன் கையில் எல்லாம் இருந்தது. சொல்லித்தர ஆள் இல்லை. எங்கள் கிளப்பில் குளோ தெரிந்தவர்கள் மூன்று பேர், மூவரும் அறுபதைத் தாண்டியவர்கள். பத்து வருடம் கழித்து யார் சொல்லித்தருவார்கள்?

லைப்போ தீ பற்றி ஐயா சொன்னது சரி. எங்கள் மைதானத்தில் மணல் வாளி இல்லை. நாளைக்கே வைக்கச் சொல்கிறேன்.

ஆமணக்கு எழுதியது:

மூன்று பேர் போதும் தம்பி. எனக்குச் சொல்லித்தந்தது ஒரே ஒருவர்.

எஃப்3டியை விட்டுக்கொடுக்க மாட்டேன், அதில் மாற்றம் இல்லை. ஆனால் சத்தத்தால் மைதானம் போகிறது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் பழைய மைதானமும் அப்படித்தான் போனது. இப்போது ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டிப் போகிறேன்.

அந்தப் பையனிடம் என்ஜினின் பின் மூடியைக் கழற்றி உள்ளே ஒரு படம் எடுத்து இங்கே போடச் சொல்லுங்கள். பிளக் கம்பி அறுந்து உள்ளே விழுந்திருந்தால் லைனரைக் கீறியிருக்கும். அதைப் பார்க்காமல் புதுப் பிளக்கை மாட்டி ஓட்ட வேண்டாம்.

கம்பத்தடி எழுதியது:

அடுத்த பந்தயத்துக்கு அவனை என் பக்கத்தில் நிற்க விடுங்கள், அன்று அவன் விமானம் ஓட்டாவிட்டாலும் பரவாயில்லை. பத்துப் பந்தயம் அருகில் நின்று பார்த்தால் எங்கே திரும்ப வேண்டும் என்பது கண்ணில் ஏறிவிடும். ஹெல்மெட் நான் கொண்டுவருகிறேன்.