ஒழுகல் வேற, ஓதம் வேற: டெல்டா வீட்டு அனுபவங்கள்

கும்பகோணத்திலிருந்து:

"சுவர் ஒழுகுதுங்க" என்று நான் சொன்ன ஒரு வார்த்தைக்குப் போன வருஷம் 18,000 ரூபாய் தண்டம் அழுதேன். வீடு தாத்தா கட்டியது. கூடத்துச் சுவரில் தரையிலிருந்து இடுப்பு உயரம் வரைக்கும் பெயிண்ட் பொருமிப் பொருமி உதிர்ந்தது. ஒழுகுது என்றதும் வந்தவர் நேராக மொட்டைமாடிக்கு ஏறிவிட்டார். மேலே வாட்டர்ப்ரூஃப் பூசி, கீழே சுவருக்குப் பட்டி பார்த்து, பளபளவென்று எமல்ஷனும் அடித்துவிட்டுப் போனார். ஐப்பசி மழை பிடித்தது. அதே இடத்தில் அதே உப்பு. ஒரு சாண் கூடவே ஏறியிருந்தது.

அப்புறம் திருபுவனம் பக்கத்திலிருந்து வயசான கொத்தனார் ஒருத்தர் வந்தார். உதிர்ந்த வெள்ளைப் பொடியை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "தம்பி, மேலேர்ந்து எறங்கினா ஒழுகல், கீழேர்ந்து ஏறினா ஓதம். வீடு ஓதம் காத்துக் கெடக்கு, நீங்க மாடிக்கு வைத்தியம் பாத்திருக்கீங்க" என்றார்.

திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி செங்கல் மண்ணில் உள்ள தண்ணீரை இழுக்கிறது. அதோடு உப்பும் கரைந்து வருகிறது. சுவரின் முகத்தில் ஈரம் காய்ந்ததும் உப்பு மட்டும் தங்கிப் பூக்கிறது. அது கட்டியாகும்போது தள்ளுகிற தள்ளலில்தான் பூச்சு பொரிந்து விழுகிறது. நம்ம பக்கம் வண்டல் மண், ஆத்துல வாய்க்கால்ல தண்ணீர் ஓடினால் நிலத்தடி நீரும் மேலே வந்துவிடும், கேட்கவா வேண்டும். சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் ஈரம் ஆவியாகி வெளியே போய்விடும். சிமெண்டும் எமல்ஷனும் அதை மூடிவிடுகின்றன. உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் மூடாத இடம் தேடி இன்னும் மேலே ஏறுகிறது. நான் காசு கொடுத்து ஏற்றிவிட்டிருக்கிறேன்!

இந்த ஓதத்தைத் தடுக்கத்தான் பேஸ்மட்டம் முடிந்து சுவர் எழும்புகிற இடத்தில் டி.பி.சி. என்று ஒரு கான்கிரீட் பட்டை போடுகிறார்கள். எங்கள் வீட்டில் அது இல்லையா என்று கேட்டேன். "அந்தக் காலத்து வீட்டுக்கு அது ஏது? ஆனா உசரம் இருந்துச்சே" என்று வாசலைக் காட்டினார். உண்மைதான். தாத்தா காலத்தில் மூணு படி ஏறித்தான் திண்ணைக்குப் போவோம். தெருவில் ரோட்டு மேலேயே ரோடு போட்டுப் போட்டு, இன்றைக்கு ஒரு படி இறங்கி வீட்டுக்குள் போகிறோம். பேஸ்மட்டமே மண்ணுக்குள் போய்விட்டது.

மன்னார்குடியிலிருந்து:

எங்க கதையில ஓதமும் இல்ல, ஒழுகலும் இல்ல. வீடு கட்டி மூணே வருஷம். கார்த்திகை, மார்கழியில பீரோவுக்குப் பின்னால கறுகறுன்னு பூஞ்சணம். எங்க அண்ணன் சிவில் என்ஜினியர். ஒரு பாலித்தீன் தாளைச் சுவத்துல வச்சு நாலு பக்கமும் டேப் ஒட்டச் சொன்னாங்க. ரெண்டு நாள் கழிச்சுப் பாக்கும்போது தாளோட உள்பக்கம் வேர்த்திருந்தா சுவத்து ஈரமாம். எங்களுக்கு உள்பக்கம் காஞ்சே இருந்துச்சு. அப்ப ஈரம் வீட்டுக் காத்துல இருக்குன்னு சொல்லிட்டாங்க.

இவ்ளோ ஈரம் எங்கேர்ந்து? மழைன்னு துணி பூராவும் ஹால்ல கொடி கட்டிக் காயப் போட்டேன், அது ஒண்ணு. இன்னொண்ணு அடுப்பு. கேஸ் எரியும்போது தண்ணியும் ஆவியா வருமாம், ஒரு கிலோ கேஸுக்கு ஒன்றரைக் கிலோவுக்கும் மேல. கணக்குப் போட்டா 14.2 கிலோ சிலிண்டர் தீர்றதுக்குள்ள சுமார் 22 லிட்டர் தண்ணி வீட்டுக்குள்ள வந்திருக்கும். சோறு கொதிக்கிற ஆவியெல்லாம் இதுல சேத்தியே இல்ல.

எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கேன்னு கேப்பீங்க. இருந்துச்சு, ஜன்னலுக்கு நேர் மேலயே. அது என்ன பண்ணுதுன்னா, ஜன்னல் வழியா வர்ற காத்தைப் பிடிச்சு அப்படியே வெளிய விடுது. அடுப்பு ஆவி இருந்த எடத்துலயே நிக்குது. "போற காத்துக்கு எதிர்த்தாப்புல வர்ற காத்து வேணும்"னு அண்ணன் சொன்னாங்க. பக்கத்து ஜன்னலைச் சாத்திட்டு, எதிர்ப்பக்கக் கதவைத் திறந்து வச்சேன். ஊதுபத்தி கொளுத்திப் பாத்தா, புகை கோடு போட்ட மாதிரி ஃபேனுக்குப் போகுது. பீரோவையும் நாலு விரக்கடை தள்ளி வச்சாச்சு. போன மார்கழியில பூஞ்சணம் இல்ல.

மயிலாடுதுறையிலிருந்து:

நம்ம ஆட்கள் வென்டிலேட்டர் என்பது கதவு, ஜன்னலுக்கு மேலே இருக்கிற சின்னத் திறப்பை. 2020-ல் கொத்தனார் போனில் "ரெண்டு வென்டிலேட்டர் வைக்கணும் சார்" என்று சொன்னதைக் கேட்டு அம்மா பதறி ஓடி வந்தார்கள், யாருக்கு என்ன ஆச்சு என்று.

நாங்கள் செய்த தப்பு, ஏ.சி. போடும்போது அந்தத் திறப்புகளை அடைத்தது, குரங்குத் தொல்லைக்காக முற்றத்துக்கு மேல் ஷீட் போட்டு மூடியது. சூடான காற்று மேலே போகும், அதற்கு இருந்த வழியே முற்றம்தான். அந்தச் சூடான காற்று போனால்தானே திண்ணைப் பக்கமும் கொல்லைப் பக்கமும் புதுக் காற்றை உள்ளே இழுக்கும். மூடின பிறகு தாழ்வாரத்தில் உட்கார முடியவில்லை. இப்போது ஷீட்டை ஓட்டுக்கு மேலே ஒன்றரை அடி தூக்கி, சுற்றிலும் கம்பி வலை அடித்திருக்கிறோம். சாரல் கொஞ்சம் அடிக்கத்தான் செய்கிறது, பரவாயில்லை.

வேதாரண்யத்திலிருந்து:

எங்களுக்கு நிஜமாவே ஒழுகல்தான். 2018 நவம்பர் கஜா புயல்ல ஓடு பூரா பறந்து, அப்புறம் தளம் போட்டோம். தட்டோடு பதிச்சப்ப வாட்டம் சரியா எடுக்கல. தண்ணி குழாய்ப் பக்கம் போகாம எதிர் மூலையில தேங்குது, அதுக்கு நேர் கீழ்தான் சாமி ரூம். மூணு தடவை கெமிக்கல் பூசியும் நிக்கல. அந்த மூலையை மட்டும் பேத்து, வாட்டம் வச்சுத் திரும்பப் பதிச்சதும் நின்னுடுச்சு.

மறுபடியும் கும்பகோணம்:

கடைசியில் என்ன செய்தீர்கள் என்று கேட்டவர்களுக்கு. நாலு அடி உயரத்துக்குப் பூச்சைச் செங்கல் வரை கொத்தி எடுத்தாச்சு. வாசலில் தண்ணீர் நிற்காமல் ஓட வடிகால் வெட்டியாச்சு. சித்திரை வரைக்கும் காயணும், பிறகுதான் சுண்ணாம்புப் பூச்சு என்கிறார் கொத்தனார். ஓதம் அடியோடு நிற்காது, வருஷா வருஷம் வெள்ளையடிக்கணும் என்றும் சொல்லிவிட்டார். அதுவரை கூடத்தில் செங்கல் பல்லை இளித்துக்கொண்டு நிற்கிறது. போன வாரம் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த பெரியம்மா சுற்றிமுற்றிப் பார்த்துவிட்டு, "ஏண்டா, வீட்டை விலைக்குப் பேசிட்டியா?" என்றாள்.