ஹர்ட்டில் என்றால் ‘வேகமாகப் போ’ மட்டும்தானா?

குன்னூர் அம்மா:
பத்தாவது படிக்கும் என் மகள் மலை ரயிலைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையில் ‘த ட்ரெயின் ஹர்ட்டில்ட் அப் த ஹில்’ என்று எழுதியிருந்தாள். டீச்சர் ஹர்ட்டில்டை மட்டும் சுழித்துவிட்டார், காரணம் எழுதவில்லை. அகராதியில் ‘மிக வேகமாகச் செல்’ என்றுதான் இருக்கிறது, எழுத்துப்பிழையும் இல்லை. என்ன தப்பு? நாளைக்குத் திருத்திக் கொண்டுபோக வேண்டும்.

கோத்தகிரிக்காரன்:
ரயிலை நினைத்துப் பாருங்கள் அக்கா. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி 46 கிலோமீட்டர், ஏற ஏறக்குறைய 5 மணி நேரம். கல்லாறு தாண்டினால் தண்டவாளத்துக்கு நடுவில் இருக்கும் பல்லைப் பிடித்துப் பிடித்து ஏறுகிற வண்டி, அதற்கு எந்த வேகச் சொல்லும் ஒட்டாது. இன்ஜின் குப்குப்பென்று சத்தம் போட்டபடி மெதுவாகப் போவதற்கு ‘சக்’ என்று ஒரு வினை இருக்கிறது (சி, எச், யு, ஜி). அதைப் போடச் சொல்லுங்கள்.

ஊட்டி வாத்தியார்:
தம்பி சொன்னது சரி, ஆனால் வேகம் மட்டும் காரணம் இல்லை. ஹர்ட்டிலில் கட்டுப்பாடு கைவிட்டுப்போன ஒரு பயம் இருக்கிறது. கல்லட்டி இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் லாரி வருவது, மழையில் பாறை பெயர்ந்து ரோட்டை நோக்கி உருண்டு வருவது, இதெல்லாம்தான் ஹர்ட்டில். இடைக்கால ஆங்கிலத்தில் அதற்கு மோதுதல் என்றே பொருள், காயப்படுத்துவதைச் சொல்லும் ‘ஹர்ட்’டோடு பிறந்த சொல். தமிழில் ‘தறிகெட்டுப் பாய்ந்தது’ என்றால் ரொம்பப் பக்கத்தில் வரும். அகராதி அந்தத் ‘தறிகெட்டு’வை விட்டுவிட்டது, அதனால்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். அப்புறம், தடை தாண்டும் ஓட்டத்தின் ‘ஹர்டில்’ வேறு சொல், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

குன்னூர் அம்மா:
ரொம்ப நன்றி சார். மசினகுடி ரோட்டில் மான் சட்டென்று குறுக்கே பாய்ந்ததையும் எழுதியிருக்கிறாள், அதற்கும் ஹர்ட்டில் வருமா?

ஊட்டி வாத்தியார்:
வராதம்மா. மானுக்கு எங்கே போகிறோம் என்று தெரியும். நாம் ‘விருட்டென்று’ சொல்வோமே, அந்த இடத்தில் ‘டார்ட்’ போடுங்கள்.

குன்னூர் அம்மா:
‘எ டீர் டார்ட்டட் த ரோட்’. சரியா சார்?

ஊட்டி வாத்தியார்:
நடுவில் ‘அக்ராஸ்’ வேண்டும். ‘டார்ட்டட் அக்ராஸ் த ரோட்’. ஹர்ட்டிலுக்கும் அப்படித்தான், டவுன், டுவர்ட்ஸ், பாஸ்ட் என்று ஏதாவது ஒன்று கூடவே வரும்.