ஓய்ஸ்டின்ஸில் ஒரு வார இறுதி: வெள்ளி இரவு மீன் விருந்துக்கு மாமியாரை அழைத்துப் போகலாமா?

கேள்வி: நெய்தல்நிலா

வணக்கம். வரும் பிப்ரவரியில் டொராண்டோவின் பனியிலிருந்து ஆறு நாள் விடுபட்டு, பார்படோஸ் தீவின் தென்கரையில் உள்ள ஓய்ஸ்டின்ஸ் என்ற மீனவ ஊரில் தங்கவிருக்கிறோம். அந்த ஆறு நாளில் ஒரு வெள்ளி, ஒரு சனி, ஒரு ஞாயிறு வருகின்றன. அந்த ஊரின் பெயரைச் சொன்னாலே எல்லோரும் வெள்ளி இரவு மீன் விருந்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். போய் வந்தவர்களில் சிலர் அதைத் தவறவிடவே கூடாது என்கிறார்கள். சிலரோ வெறும் சுற்றுலாக் கூட்டம் என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள்.

என் மாமியாருக்கு எழுபது வயது நெருங்குகிறது. முழங்கால் வலி உண்டு. அவர் சைவம், கேக்கில் கலந்த முட்டையை மட்டும் கண்டும் காணாததுபோல் விட்டுவிடுவார். மகனுக்குப் பதினொரு வயது, கிரிக்கெட் பைத்தியம். கார் வாடகைக்கு எடுக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. மீனுக்கே பெயர்போன ஊரில் சைவருக்கு என்ன கிடைக்கும், வெள்ளி மாலை எத்தனை மணிக்குப் போவது நல்லது, மற்ற இரண்டு நாள்களை எப்படிச் செலவிடலாம் என்று அங்கே இருந்து பழகியவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில்: கட்டுமரம்

பணி நிமித்தமாக நான்கு ஆண்டுகள் பார்படோஸில் இருந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை கட்டாயம் போங்கள். ஆனால் ஐந்தரை மணிக்கே போய்விடுங்கள். பிப்ரவரியில் ஆறு மணியை ஒட்டிச் சூரியன் மறைந்துவிடும். அந்த வெளிச்சத்தில் கடற்கரைக் கடைகளின் முன்னால் கரி பற்றவைப்பதையும், மார்லின், சூரை போன்ற மீன்களின் தடித்த துண்டுகளைக் கம்பிமேல் அடுக்குவதையும் பார்த்துக்கொண்டே நிழலான மேசையொன்றைப் பிடித்து அமர்ந்துவிடலாம். எட்டு மணிக்கு மேல் உட்கார இடம் கிடைப்பது கடினம். மேடை இசையின் ஒலியும் கூடிவிடும்.

கடைப் பலகையில் "டால்ஃபின்" என்று எழுதியிருப்பதைப் படித்து உங்கள் மகன் அதிர்ச்சி அடையக்கூடும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அது மாஹி மாஹி எனப்படும் மீனுக்கு அந்த ஊரில் வழங்கும் பெயர். துள்ளி விளையாடும் பாலூட்டிக்கும் அதற்கும் தொடர்பில்லை. நீங்கள் அவசியம் உண்ண வேண்டியது பறக்கும் மீன். நாகப்பட்டினம், காரைக்கால் பக்கத்தில் கோலா என்று சொல்கிறோமே, அந்த இனம்தான். டிசம்பர் முதல் ஜூன் வரை அதன் பருவம் என்பதால் நீங்கள் போகும்போது புதிதாகவே கிடைக்கும். கோலாவில் முள் அதிகம் என்று நம்மவர்கள் தயங்குவார்கள். அங்கே மீன் சந்தையில் அமர்ந்திருக்கும் பெண்கள் ஒரு சிறிய கத்தியால் வயிற்றைக் கீறி, நடுமுள்ளைத் தூக்கி, பக்கவாட்டு முள்களையும் வழித்தெடுத்து, மீனைப் புத்தகம்போல் விரித்து வைத்துவிடுவார்கள். ஒரு மீனுக்கு அரை நிமிடம்கூட ஆகாது. பேச்சும் சிரிப்பும் இடையில் நிற்பதே இல்லை. சனிக்கிழமை காலை அந்தச் சந்தைக்கு ஒருமுறை போய் வாருங்கள். பக்கத்துத் தோணித்துறையில் மீன் கழிவு விழும் இடத்தில் கடலாமைகள் சுற்றிக்கொண்டிருக்கும்; படகுப் பயணத்துக்குப் பணம் கட்டாமலேயே மகன் அவற்றை மேலிருந்து பார்த்துவிடலாம்.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். இரண்டு பார்படோஸ் டாலர் ஓர் அமெரிக்க டாலர் என்ற நிலையான மாற்று விகிதம் 1975 முதல் இருந்துவருகிறது, கடைகளில் இரண்டையும் வாங்கிக்கொள்வார்கள். விலையைக் கேட்கும்போது எந்த டாலர் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கணக்கு இரட்டிப்பாகிவிடும்.

பதில்: சவுக்குத்தோப்பு

கட்டுமரம் சொன்னதில் பெரும்பகுதி எனக்கும் உடன்பாடே. ஆனால் முழங்கால் வலியுள்ள ஒருவரை வெள்ளி இரவுக்கு அழைத்துப் போவது பற்றி எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. என் தாயாருடன் போயிருந்தபோது, நீண்ட வரிசை இருந்தால் உணவு நன்றாக இருக்கும் என்று நம்பி, பெயர்பெற்ற கடையொன்றின் முன்னால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் நின்றோம். எங்கள் முறை வந்தபோது கேட்ட மீன் தீர்ந்துவிட்டது. பக்கத்தில் வரிசையே இல்லாத கடையில் அதே மீன், அதே கரி. அந்தக் கடைகள் மற்ற நாள்களிலும் திறந்திருக்கின்றன. சமையல் அதேதான், கூட்டமும் மேடையும்தான் வெள்ளிக்குரியவை. ஆகவே வெள்ளிக்கிழமை கணவரும் மகனும் போய்வரட்டும். மாமியாரைச் சனிக்கிழமை அழைத்துச் செல்லலாம். எனினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பெரிய மேடைக்குச் சற்றுத் தள்ளி, பழைய பாடல்களுக்கு உள்ளூர் முதியவர்கள் இணை சேர்ந்து, ஒரு துளி வியர்வையும் அவசரமும் இன்றி ஆடுவதைக் காண வெள்ளிதான் நல்ல நாள். அவர்களில் பலர் உங்கள் மாமியாரைவிட மூத்தவர்கள்!

சைவ உணவைப் பொறுத்தவரை, பெயரை மட்டும் நம்பி எதையும் வாங்க வேண்டாம். அரிசியும் பயறும் சேர்த்து வேகவைக்கும் சோறு பார்வைக்குச் சைவம்தான். ஆனால் சுவைக்காக உப்பிட்ட இறைச்சித் துண்டு ஒன்றை அதில் போட்டு வேகவைப்பது பழைய வழக்கம். வடைபோல் உருண்டையாக விற்கும் மீன் கேக்கில் உப்பிட்ட மீன் உண்டு. அதே தோற்றத்தில், மாவும் சர்க்கரையும் மட்டும் சேர்த்துப் பொரிக்கும் பேக் என்னும் பலகாரத்தில் இல்லை. இரண்டும் பெரும்பாலும் ஒரே எண்ணெயில் பொரிபடுகின்றன என்பது உங்கள் மாமியாருக்குப் பொருட்டா இல்லையா என்பதை நீங்கள்தான் அறிவீர்கள்.

தயங்காமல் உண்ணக்கூடியவை பாலாடைக்கட்டியுடன் அடுமனையில் சுடும் மக்கரோனி பை (முட்டை இருக்கலாம், கேக்கைப்போல் மன்னித்துவிடட்டும்), பழுத்த வாழைக்காய் வறுவல், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, ஈரப்பலா ஆகியவை. தேசிய உணவின் ஒரு பாதியான கூக்கூ அவருக்கு நிச்சயம் பிடிக்கும். வெண்டைக்காய் வெந்த நீரில் மக்காச்சோள மாவைக் கொட்டி, துடுப்பைப் போன்ற தட்டையான மரக்கோலால் கட்டி விழாமல் கிளறும் களிதான் அது. மற்றொரு பாதி பறக்கும் மீன் குழம்பு. அதை ஊற்ற வேண்டாம் என்று வாங்கும்போதே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். களிக்குத் தொட்டுக்கொள்ள அங்குள்ள மஞ்சள் நிற மிளகாய்ச் சாறு போதும். கடுகு சேர்த்து அரைத்தது. காரத்தில் நம் ஊர் ஊறுகாய்க்குச் சளைத்ததல்ல.

பதில்: கடைசி ஓவர்

மகனுக்குக் கிரிக்கெட் பைத்தியம் என்று எழுதிவிட்டு, கென்சிங்டன் ஓவலைப் பற்றி ஒரு வரியும் கேட்காமல் விட்டுவிட்டீர்களே! 2024 ஜூன் 29 அன்று தென்னாப்பிரிக்காவை 7 ஓட்டங்களில் வென்று இந்தியா இருபது ஓவர் உலகக் கோப்பையைக் கைப்பற்றிய திடல் அது. கடைசி ஓவரில் எல்லைக்கோட்டின்மேல் சூரியகுமார் யாதவ் பிடித்த கேட்ச் எந்தப் பக்கம் நடந்தது என்று திடலைச் சுற்றிப் பார்க்க அனுமதிக்கும் நேரத்தைக் கேட்டறிந்து அவனுக்குக் காட்டுங்கள். ஓரிரு நாள் கழித்து வந்த பெரில் புயலால் இந்திய அணி அத்தீவிலேயே சிக்கிக்கொண்டது பலருக்கு நினைவிருக்கும். அதே புயலில் மீனவர்களின் படகுகள் பல உடைந்து மூழ்கியது நம் செய்திகளில் அவ்வளவாக இடம்பெறவில்லை.

ஓவல் இருப்பது தலைநகர் பிரிட்ஜ்டவுனில். கார் தேவையே இல்லை. ஓய்ஸ்டின்ஸிலிருந்து நகரத்துக்குப் பேருந்து அடிக்கடி வரும். நிறுத்தப் பலகையில் "நகரத்துக்கு" என்றோ "நகரத்திலிருந்து வெளியே" என்றோ ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். நிற்கும் பக்கம் சரியா என்று பார்த்துக்கொண்டால் போதும். நீல நிறம் அரசுப் பேருந்து, அதில் சில்லறை தர மாட்டார்கள். மஞ்சள் நிறம் தனியார் சிற்றுந்து. வெள்ளை நிறத்தில் சிவப்புப் பட்டை போட்டவை இசட்ஆர் என்னும் வேன்கள். பாட்டு அலறும், நான்கு பேர் இருக்கையில் ஐந்தாவதாக ஒருவர் வந்து அமர்வார், ஆனால் வேகமாகப் போய்ச் சேரும். மகனுக்கு இசட்ஆர், மாமியாருக்கு நீலப் பேருந்து என்பது என் பரிந்துரை. வாடகைக் காரில் மீட்டர் கிடையாது என்பதால், ஏறும் முன்பே தொகையைப் பேசிக்கொள்ளுங்கள்.

போகும் வழியில் உள்ள காரிசன் பகுதியைச் சனிக்கிழமை சேர்த்துக்கொள்ளலாம். பிரிட்ஜ்டவுனுடன் சேர்த்து 2011இல் யுனெஸ்கோ உலக மரபிடப் பட்டியலில் இடம்பெற்ற பழைய பிரிட்டிஷ் படைத்தளம் அது. நடுவில் உள்ள மைதானத்தில் சில சனிக்கிழமைகளில் குதிரைப் பந்தயம் நடக்கும். ஜார்ஜ் வாஷிங்டன் 1751இல் இளைஞராக வந்து தங்கிய வீடும் அருகிலேயே இருக்கிறது. அவர் அமெரிக்கக் கண்டத்துக்கு வெளியே போன ஒரே பயணம் அதுதான்.

நெய்தல்நிலா

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கோலா மீன் என்று படித்ததும் காரைக்காலில் வளர்ந்த என் கணவர் பயணப் பையை இப்போதே எடுத்துவிட்டார். வெள்ளி மாலை ஐந்தரைக்கு எல்லோரும் போய், மாமியாருக்குக் களைப்புத் தட்டியதும் நான் அவருடன் திரும்பிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமையை மட்டும் இன்னும் நிரப்பவில்லை. அதிகம் நடக்காமல், அலையும் அதிகம் இல்லாமல் ஓர் இடம் உண்டா?

பதில்: கட்டுமரம்

உண்டு, ஊரை விட்டு வெளியே போகவே வேண்டாம். எண்டர்பிரைஸ் கடற்கரை என்பது அதன் பெயர். உள்ளூரில் மியாமி பீச் என்றால்தான் தெரியும். அதன் ஒரு பக்கம் அலை அடிக்கும், மறுபக்கம் தெப்பக்குளம்போல் அமைதியாக இருக்கும். மாமியார் முழங்கால் அளவு நீரில் உட்கார்ந்தே இருக்கலாம். சவுக்கு மர நிழல் தாராளமாக உண்டு. ஞாயிறு பிற்பகலில் உள்ளூர்க் குடும்பங்கள் சோற்றுப் பாத்திரங்களோடு வந்துவிடும் என்பதால் காலையிலேயே போய் இடம் பிடியுங்கள். மகனுக்குச் சலிப்புத் தட்டினால் மேட்டின்மேல் உள்ள கிறைஸ்ட் சர்ச் தேவாலயத்துக்கு அழைத்துப் போங்கள். அங்குள்ள சேஸ் குடும்பக் கல்லறையில், பூட்டி முத்திரையிட்ட அறைக்குள் இருந்த சவப்பெட்டிகள் தாமாக இடம் மாறின என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஒரு கதை உலவுகிறது. நான் நம்பவில்லை; ஆனால் பதினொரு வயதில் நம்பியிருப்பேன்.

ஓர் எச்சரிக்கை. அத்தீவின் கடற்கரைகளில் மான்சினீல் என்ற மரம் வளர்கிறது. சிறிய பச்சை ஆப்பிளைப் போன்ற அதன் காய் கடும் நஞ்சு, பாலும் தோலைப் புண்ணாக்கிவிடும். பல இடங்களில் அடிமரத்தில் சிவப்பு வளையம் பூசியிருப்பார்கள். மழை வந்தால் அந்த மரத்தின் அடியில் ஒதுங்காதீர்கள். இலையிலிருந்து சொட்டும் நீரே போதும் கொப்புளம் உண்டாக. நனைந்தாலும் பரவாயில்லை, வெட்டவெளியிலேயே நில்லுங்கள்.