புதுப்பிப்பு: நீர்மட்டக் கட்டத்தில் எண் மேல் எண் விழுந்தது சரியாகிவிட்டது

மன்னார்குடியில் சித்தப்பாவின் உரக்கடைக்கு ஜாவா ஸ்விங்கில் (ஜாவா நிரல்களுக்குத் திரை முகப்பு அமைக்கும் கருவித்தொகுப்பு) நானே வரைந்த நீர்மட்டக் கட்டத்தில், பழைய எண்ணின் மேலேயே புது எண் விழுகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன்.

காரணம் பிடிபட்டது. கட்டம் ஒளிபுகாததா என்று ஸ்விங்கிடம் சொல்லும் செட்ஒபேக் கட்டளையில் ட்ரூ (ஆம்) என்றால், 'என் பரப்பு முழுவதையும் நானே மூடிவிடுவேன்' என்று வாக்குக் கொடுப்பதாக அர்த்தம். ஸ்விங் அதை நம்பி, பின்னாலிருக்கும் பேனலை (கட்டத்தைத் தாங்கும் பலகை) வரையாமல் விட்டுவிடும். நான் பூசியதோ பாதி தெரியும் நிறம். அதை ஃபால்ஸ் (இல்லை) ஆக்கி, கட்டம் தன்னை வரைந்துகொள்ளும் பெயின்ட்காம்பொனென்ட்டுக்குள் பின்னணியை வரைந்ததும் தெளிந்துவிட்டது.

இரண்டு ராத்திரியைத் தின்றது வேறு: நிறம் எவ்வளவு அழுத்தமாகத் தெரிய வேண்டும் என்று சொல்லும் ஆல்ஃபாகாம்போசிட்டில் 0.6 வைத்தால் எழுத்தும் சேர்ந்து மங்குகிறது. கிரியேட் கட்டளை மூலம் கிராஃபிக்ஸின் (ஸ்விங் வரையப் பயன்படுத்தும் தூரிகை போன்றது) நகல் எடுத்து, அதில் மட்டும் 0.6 வைத்து, பின்னணியை மட்டும் அதில் வரைந்து, அந்த நகலை டிஸ்போஸ் செய்யுங்கள் (விடுவித்துவிடுங்கள்). எழுத்தை அசல் கிராஃபிக்ஸிலேயே எழுதுங்கள். சோதனைக்கு மேட்டூரின் முழுக் கொள்ளளவு மட்டமான 120 அடியைப் போட்டேன். சித்தப்பா கண்ணாடி போடாமலே வாசித்துவிட்டார்.