புதுப்பிப்பு: டோரண்ட் இணைப்பு அறுந்துபோவது பற்றி

போன வாரம் எழுதியிருந்தேன்: உபுண்டு ஐஎஸ்ஓ (லினக்ஸ் இயங்குதளத்தின் நிறுவல் கோப்பு) டோரண்டில், அதாவது பயனர்கள் தங்களுக்குள் நேரடியாகக் கோப்பைப் பகிர்ந்துகொள்ளும் முறையில், முழுதாக இறங்கிவிடுகிறது, ஆனால் மற்றவர்களுக்குப் பகிர ஆரம்பித்த சில நொடிகளில் இணைப்பு அறுந்துவிடுகிறது என்று. நீங்கள் சொன்னபடி நேற்று இரவு வயர்ஷார்க் (இணைப்பில் போய்வரும் தரவைப் பதிவுசெய்து காட்டும் மென்பொருள்) ஓடவிட்டுப் பார்த்தேன்.

ஒவ்வொரு பாக்கெட்டிலும் (தரவுத் துண்டிலும்) டிடிஎல் என்று ஓர் எண் இருக்கும்; அது பெரும்பாலும் 64இல் தொடங்கி, வழியில் ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும், அதாவது ஒவ்வொரு தாவலிலும், ஒன்று குறையும். எதிர்முனையிலிருந்து வரும் சாதாரண பாக்கெட்டுகளில் டிடிஎல் 49. இணைப்பைத் துண்டிக்கும் ஆர்எஸ்டி பாக்கெட்டில் மட்டும் 61. அப்படியானால் அதை அனுப்புவது எதிர்முனையில் இருப்பவர் அல்ல. எனக்குப் பக்கத்திலேயே, மூன்று தாவல் தூரத்தில் ஏதோ ஒரு கருவி அவர் பெயரில் அனுப்புகிறது.

2007இல் அமெரிக்காவில் காம்காஸ்ட் என்ற இணையச் சேவை நிறுவனம் செய்ததும் இதேதான். அசோசியேட்டட் பிரஸ் நிருபர்கள் கிங் ஜேம்ஸ் பைபிளைப் பகிர்ந்து பார்த்து அதை உறுதிசெய்தார்கள். 2008 ஆகஸ்ட்டில் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி காம்காஸ்டைக் கண்டித்து உத்தரவிட்டது. 2010 ஏப்ரலில் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது.

நெரிசல் நேரத்தில் வேகத்தைக் குறைத்தால்கூடப் பொறுத்துக்கொள்வேன். இன்னொருவர் பெயரில் பொய்ப் பாக்கெட் அனுப்புவதை ஏற்கவே முடியவில்லை.

டோரண்ட் மென்பொருளில் என்கிரிப்ஷன் (குறியாக்கம்) போட்டும் மாற்றமில்லை. விபிஎன் (எல்லாத் தரவையும் மறைத்து வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் சேவை) வழியாகப் போனால் அறுவதில்லை. சரி, பதிவான கோப்பை இணைத்து என் இணையச் சேவை நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிவிட்டேன். இதுவரை புகார் எண் மட்டும் வந்திருக்கிறது.